பெரிய வெள்ளியன்று நனையாத விரல்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கிவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தலையில் கூடைக் கயிறு மாட்டியவள் நான். ஆனால் படிப்புக் குறைவு மட்டும் காரணமில்லை. எதையும் நேராகச் சொல்லாத ஒருவரைப் பற்றி நான் நேராகச் சொல்லிவிடலாமா என்ற கூச்சம்தான் என் கையைப் பிடித்தது. இப்போது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவரைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். அது உண்மையில்லை. ஆண்டவர் அறிய உண்மை இது என்று சொல்ல இப்போதைக்கு நான் ஒருத்திதான் மிஞ்சியிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

பெயர் சொல்ல மாட்டேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவர் எல்லாருக்கும் அக்கா. என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் பெருமூச்சு விட்டால் எனக்குக் கேட்கும்.

அக்காவுக்கு உப்பு வேண்டுமென்றால் வாசலில் வந்து நிற்பார். மழையைப் பற்றிப் பேசுவார். மேல் லயத்து நாய் குட்டி போட்டதைச் சொல்வார். என் பிள்ளையின் இருமலை விசாரிப்பார். போவதற்குத் திரும்பி, படியில் ஒரு கால் வைத்த பிறகு, "தங்கச்சி, உப்பு கிப்பு ஏதும் மிச்சமா இருக்கா?" என்பார். என் வீட்டுக்காரருக்கு இது வேடிக்கை. அக்கா தலை தெரிந்தவுடனே உள்ளே பார்த்து, "இந்தாம்மா, உப்ப எடுத்துக் கையில குடுத்துரு. இல்லாட்டி அந்த நாய்க்குட்டி வளந்து கொரைக்கிற வரைக்கும் அக்கா கத சொல்லுவாங்க" என்பார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். ஆனால் மறுமுறையும் நாய்க்குட்டியில்தான் தொடங்குவார்.

அவர் பாட்டும் அப்படித்தான். ஒரு சுரத்துக்கு நேராகப் போய் நிற்க மாட்டார். கீழே எங்கேயோ தொடங்கி, வழுக்கி வழுக்கி மேலே வந்து, அந்த இடத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்பார். எங்கள் மாதா கோயிலில் பெரிய வெள்ளி பின்னேரம், சிலுவையடியில் நிற்கும் தாயின் புலம்பலை அவர்தான் பாடுவார். சாவு வீட்டில் எங்கள் பெண்கள் வைக்கும் ஒப்பாரிக்கும் அதற்கும் இழுப்பு ஒன்றுதான். உபதேசியார் ஒருமுறை, "அக்கா, சுரத்த நேரா புடிங்களேன்" என்று கேட்டார். சம்பளமில்லாமல் கோயிலைப் பார்த்துக்கொள்கிற நல்ல மனிதர் அவர். அக்கா சொன்னார்: "நேரா ஏறுனா மூச்சு வாங்கும்ங்க. மல ரோட்டு மாதிரி சுத்திதாங்க ஏறணும்."

தொண்டையில் கழலை வந்ததையும் அவர் நேராகச் சொல்லவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மூன்று தரம் போனார். முதல் தரம் தலைவலி என்றார். அடுத்த தரம் முழங்கால். மூன்றாம் தரம், மாத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, "இந்தா இங்கன ஒரு கட்டி மாதிரி இருக்கு, அது ஒண்ணுமில்லீங்களே?" என்றாராம். நுவரெலியாவுக்கு அனுப்பியபோது அது நன்றாகப் பெருத்து, குரல் நரம்பைச் சுற்றிப் பிடித்திருந்தது. உயிர் மிஞ்சும், குரல் மிஞ்சாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லித்தான் வெட்டினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வந்த அக்காவிடம் இருந்தது காய்ந்த இலை உரசுகிற மாதிரி ஒரு காற்றுச் சத்தம். அதுவும் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். அந்த வருடம் பெரிய வெள்ளியன்று புலம்பலை யாரும் பாடவில்லை. உபதேசியார் வாசித்தார். அக்கா கடைசி பெஞ்சியில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழைய கீபோர்ட் வந்தது.

நுவரெலியா ஹோட்டல்களில் பாண்ட் வாசித்த ஒரு சிங்களவர், தொழிலை விட்டபோது அதை எங்கள் கோயிலுக்குக் கொடுத்தார். ஓரத்தில் சில கட்டைகள் செத்திருந்தன. இடது பக்கம் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. முன்னே தள்ளினால் சத்தம் ஏறும், பின்னே இழுத்தால் இறங்கும். கையை எடுத்தால் உள்ளேயிருக்கிற ஸ்பிரிங் இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். கட்டைகளுக்கு மேலே ஒரு முழ நீளத்தில் கறுப்புப் பட்டி ஒட்டியிருந்தது. அது எதற்கென்று எங்களுக்குத் தெரியவில்லை.

கொண்டுவந்த அந்தச் சிங்களவர் ஒரு கட்டையை அமர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். கோயில் கூட்டுகிற வேலை அக்காவுடையது. தூசியைக் கண்டால் பொறுக்காது. முந்தானையைச் சுருட்டி அந்தப் பட்டியை ஒரு துடை துடைத்தார். கீபோர்ட் ஒரு பெண் அழுவதுபோல் மேலே போய்க் கீழே வந்தது. அக்கா பின்னால் பாய்ந்து என் காலை மிதித்துவிட்டார்.

அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "பயம் வேணாம் அக்கே. இது ரிப்பன். விரல் இப்பிடி போனா சத்தம் மேல போறது. விட்டா ஆபஹு எனவா." திரும்பி வந்துவிடும் என்று பொருள்.

மறுநாளிலிருந்து கோயில் கூட்டப் போனவர் நேரத்துக்கு வீடு திரும்பவில்லை. அவருடைய வீட்டுக்காரர் என்னிடம் வந்து, "கோயில்ல அப்பிடி என்னா குப்ப?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். அக்கா இடது கையால் ஒரே ஒரு கட்டையை அமர்த்திக்கொண்டு, வலது ஆட்காட்டி விரலை அந்த ரிப்பனில் ஓட்டிக்கொண்டிருந்தார். புலம்பலின் முதல் அடி அந்த ஒரே கட்டைக்குள்ளிருந்து வந்தது. கீழேயிருந்து வழுக்கி ஏறி, தொட்டும் தொடாமலும் நின்றது. நான் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"சக்கரத்துல ஏன் வாசிக்கல?" என்று கேட்டேன்.

அருகில் இழுத்துக் காதில் சொன்னார். "அது நாலு எட்டு வச்சா கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்னுரும். போதாததுக்கு ஸ்பிரிங்கு வேற இழுக்குது. இதுல இழுக்கிறதுக்கு யாரும் இல்ல தங்கச்சி. என் வெரலு மட்டுந்தான்."

ரிப்பனில் ஒரு சிக்கல் இருந்தது. விரலை எடுத்தால் சுரம் பட்டென்று பழைய இடத்துக்குப் பாய்ந்துவிடும். அழுகிறவள் நடுவில் விக்கினதுபோல் அசிங்கமாக இருக்கும். அக்கா அதற்கு வழி கண்டுபிடித்தார். முதலில் கட்டையை விட வேண்டும். சத்தம் தேய்ந்து முழுக்கச் சாகிற வரை ரிப்பனில் விரல் இருக்க வேண்டும். "சாவுற வரைக்கும் கூட இருக்கணும்" என்பார். "பாதியில வுட்டுட்டு வந்தா காட்டிக் குடுத்துரும்."

அடுத்து வந்த பெரிய வெள்ளியில் அக்கா வாசித்தார். எங்கள் கோயிலில் அழாத ஆள் இல்லை. வாசலில் வெற்றிலை மென்றுகொண்டு நிற்கும் ஆம்பிளைகள்கூட உள்ளே வந்து முழங்காலில் நின்றார்கள். கண் தெரியாத ஒரு அம்மா, "ஆப்பரேசன் பண்ணியும் அவளுக்குக் கொரலு வந்துருச்சே, ஸ்தோத்திரம்" என்றாள். யாரும் அவளைத் திருத்தவில்லை. பிறகு வருடா வருடம் அப்படித்தான். வருடம் முழுக்க அக்கா உரசல் சத்தத்தில் உப்புக் கேட்பார். அந்த ஒரு நாளைக்கு மட்டும் முழுக் குரலோடு இருப்பார். அவருக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

அவர் விரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுந்து கிள்ளிக் கிள்ளி நுனி மரத்து, வெடித்து, வெடிப்புக்குள் கறுப்புச் சாயம் ஏறிய விரல். அடையாள அட்டைக்குக் கைரேகை எடுக்கப் போனபோது மெசின் அவர் விரலை ஏற்கவில்லை. அங்கிருந்தவர், "இந்த அம்மாவுக்கு ரேகையே இல்லையே" என்றார். மகன் வாங்கிக் கொடுத்த போனும் அவர் விரலை மதிக்காது. மணி அடித்தால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வருவார். இல்லாவிட்டால் விரலை மடக்கி மொளியால் குத்துவார். "மனுசி தொடுறான்னே இதுக்குத் தெரியல" என்று சிரிப்பார். அந்தப் பழைய ரிப்பனுக்கு மட்டும் தெரிந்தது.

எங்கள் தோட்டத்தில் பிறந்து கொழும்பில் கடை போட்டு முன்னுக்கு வந்த ஒரு தம்பி, செத்துப்போன தன் தாயின் நினைவுக்காகக் கோயிலுக்குப் புது கீபோர்ட் வாங்கி அனுப்பினார். விலையுயர்ந்தது. "அக்கா வாசிக்கிறதுக்கு பட்டி இருக்கணும்" என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கினாராம். பாருங்கள், அவ்வளவு யோசித்துத்தான் வாங்கியிருக்கிறார். யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை.

குருத்தோலை ஞாயிறன்று அக்காவுக்கு மாலை போட்டுத் திறந்துவைக்கச் சொன்னார்கள். மஸ்கெலியாவிலிருந்து வந்த ரிப்பேர்காரர் வயர்களை மாட்டிக் கொடுத்தார். பழையது எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று கூலிக்குப் பதிலாக அதை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா ஒரு கட்டையை அமர்த்தி, பட்டியில் விரலை வைத்து ஓட்டினார். சத்தம் அசையவில்லை. கைதட்டலில் யாருக்கும் தெரியவில்லை. அக்கா சிரித்தபடி கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினார். பழைய கீபோர்ட் அப்போது கோயில் வாசலில் திரீவீலருக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் திரீவீலர் பக்கத்தில் போய் நின்று, ரிப்பேர்காரரிடம் ரோடு எப்படி, மழை எப்படி என்று விசாரித்தார். உப்புக் கேட்கிற இடத்துக்கு வருவதற்குள் வண்டி போய்விட்டது.

இதெல்லாம் பிறகு அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அவர் கோயில் கூட்டப் போனார். எல்லா விதத்திலும் முயன்று பார்த்தார். மொளியால் வாசித்தால் சத்தம் அசைந்தது, ஆனால் மொளிக்கு இடம் தெரியவில்லை. சக்கரத்தில் முயன்றால் பழைய கட்டிப்போட்ட ஆடுதான். கடைசியில் வெறுத்துப்போய், வீட்டுக்குக் கிளம்பும்போது பீடத்துப் பக்கத்துச் சின்ன வாசலில் இருந்த தொட்டியில் தீர்த்தம் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டார். மனசு கேட்காமல் திரும்பி வந்து அதே விரலைப் பட்டியில் வைத்தார். சத்தம் ஏறியது.

ஈரம் இருந்தால் பட்டி அவரைத் தெரிந்துகொண்டது. காய்ந்தால் மறந்துவிட்டது. கீபோர்ட் இருந்ததும் தொட்டிப் பக்கத்தில்தான், கை எட்டும் தூரம். ஒரு அடிக்கு ஒரு தரம் விரலைத் தொட்டால் புலம்பல் முழுக்க வாசித்துவிடலாம். செவ்வாயும் புதனும் அப்படித்தான் பழகினார். சந்தோசத்தில் புதன்கிழமை எனக்கு ஒரு கொத்து முருங்கைக்கீரை கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். "சும்மா" என்றார்.

பெரிய வெள்ளி பின்னேரம். மூடுபனி கோயில் ஜன்னல் வரைக்கும் வந்திருந்தது. எல்லாரும் வெறும் வயிற்றோடு முழங்காலில் நின்றோம். உபதேசியார் தலையை அசைத்தார். அக்கா இடது கையால் கட்டையை அமர்த்தி, வலது விரலைத் தொட்டிக்குள் விட்டார். கை அங்கேயே நின்றுவிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரலால் தொட்டியின் அடியைத் தடவுகிறார், ஓரத்தைத் தடவுகிறார்.

பெரிய வியாழன் பூசை முடிந்ததும் தீர்த்தத் தொட்டியை வடித்துத் துடைத்துவிடுவது எங்கள் வழக்கம். ஆண்டவர் உயிர்க்கும் பாஸ்கு இரவில்தான் புதுத் தீர்த்தம் நிரப்புவார்கள். ஆண்டவர் மரித்திருக்கும்போது தொட்டி காய்ந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். தெரிந்ததுதான் அன்றைக்கு மறந்துபோனது.

கட்டையின் சத்தம் ஒரே நேராகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா காய்ந்த விரலைப் பட்டியில் வைத்து ஓட்டினார். ஒன்றுமில்லை. விரலை வாயில் வைத்து எடுத்தார். முன் வரிசைப் பெண் பிள்ளைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு அடி வந்தது. அக்காவின் பழைய குரல் ஒரே ஒரு அடிக்கு வந்து, நடுவில் பட்டென்று அறுந்து கீழே விழுந்தது. மறுபடி வாயில் வைத்தார். தண்ணீர்கூடக் குடிக்காத நாள். வாயும் காய்ந்திருக்க வேண்டும், ஒன்றும் வரவில்லை. அதன் பிறகு அவர் பட்டியைத் தொடவில்லை. கட்டைகளை ஒவ்வொன்றாக அமர்த்தி, புலம்பலை நேர் நேராக, பள்ளிக்கூட மணி அடிக்கிற மாதிரி வாசித்து முடித்தார்.

அழவில்லை. அழுதிருந்தாலாவது விரல் நனைந்திருக்கும்.

வெளியே வரும்போதே பேச்சு தொடங்கிவிட்டது. "மால போட்டாங்கல்ல, பெரும வந்துருச்சி." "விரதத்துல வாயில வெரல வைக்கிறாங்க, பாத்தியா?" உபதேசியார் மட்டும், "ஒடம்பு சொகமில்லையோ என்னமோ" என்றார்.

சனிக்கிழமை கோயிலுக்குப் பக்கத்தில் மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அக்கா குடத்தோடு வந்தார். குடம் நிரம்பி வழிகிறது, எடுக்கவில்லை. போனைப் பற்றிச் சொன்னார். கைரேகை மெசினைப் பற்றிச் சொன்னார். நான் துணியைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்தேன். அப்படிச் சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"ஏன்க்கா, கொஞ்சம் தண்ணி குடுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!"

"எப்பிடி கேக்குறது புள்ள? மாதா அழுவுற நேரத்துல, எனக்குத் தண்ணி குடுங்கன்னா?"

பிறகு குடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "தீர்த்தத்த மெசினுக்குத் தொட்டது பாவமா தங்கச்சி?"

"பாவமெல்லாம் இல்லக்கா. தொட்டி வருசா வருசம் காயிறதுதானே."

"வருசா வருசம் காயிது. இந்த வருசந்தான் என் வெரலு அதுக்குள்ள போச்சி" என்றார். "ஆண்டவரு வேணாம்னு சொல்றாரு போல. நேராவே சொல்லிட்டாரு."

நான் வழிந்துகொண்டிருந்த குடத்தை எடுத்து அவர் இடுப்பில் வைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை என்று அடித்துச் சொல்ல இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் தினமும் செபமாலை சொல்கிறவள்.

பாஸ்கு கழிந்ததும் அவரைக் கட்டாயப்படுத்தி மஸ்கெலியாவுக்கு பஸ் ஏற்றினேன். ரிப்பேர்காரர் கடையில் பழைய கீபோர்ட் திறந்து கிடந்தது. சக்கரத்தைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டுவிட்டார். ரிப்பனைக் கேட்டேன். "அது பலகையோட ஒட்டியிருந்துச்சிங்க, இழுக்கயில கிழிஞ்சிருச்சி. யாருக்கும் ஒதவாதுன்னு வீசிட்டேன்" என்றார். பழையதில் அமுக்கினால் போதும், எந்த விரலாக இருந்தாலும் உள்ளே இரண்டு தாள்கள் ஒட்டிக்கொள்ளும். புதியதற்கு அமுக்குவது கணக்கில்லை, தோலில் ஈரப்பசை வேண்டும், போன் மாதிரி என்று அவர்தான் விளக்கினார். கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு வாசிக்கலாமா என்று நான் கேட்டேன். பட்டியில் ஒரு சொட்டு நின்றால் சத்தம் கண்டபடி பாயும், உள்ளே இறங்கினால் சாமான் போய்விடும் என்றார்.

அக்கா அவரிடம், "கடையில யாவாரமெல்லாம் எப்பிடிங்க, மழையில கஷ்டந்தானே?" என்று மட்டும் கேட்டார். கிழிந்த ரிப்பனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உபதேசியாரிடம் நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பாவம், தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி, தண்ணி வச்சாவது வாசிக்கட்டும். நான் பொறுப்பு" என்றார். அக்காதான் மாட்டேன் என்றார். வாழ்க்கையில் அவர் நேராகச் சொன்ன ஒரே மாட்டேன் அதுதான். வெளியே சொல்ல வேண்டாம் என்றும் எங்கள் இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டார். கொழும்புத் தம்பியின் மனது நோகுமாம்.

அதற்குப் பிறகு வந்த பெரிய வெள்ளிகளில் உபதேசியார் கட்டைகளில் புலம்பலை வாசித்தார். அக்கா கடைசி பெஞ்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன் பெஞ்சியின் முதுகுப் பலகையில் அவர் விரல் ஓடும். கீழேயிருந்து மெதுவாக ஏறும், நிற்கும், நடுங்கும். உபதேசியார் அடுத்த அடிக்குப் போன பிறகும் விரல் அங்கேயே இருக்கும். அவருக்குள் சத்தம் சாகிற வரை எடுக்க மாட்டார். நான் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கழலை திரும்பி வந்ததையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு மாறியதை வைத்துத்தான் நான் கண்டுபிடித்தேன். காலம் கடந்திருந்தது.

அடக்கத்தன்று உபதேசியார் புது கீபோர்டை வாசித்தார். நேராக வாசித்தார். பாதர் பெட்டியைச் சுற்றி வந்து தீர்த்தம் தெளித்தார். அன்றைக்குத் தொட்டி நிறைந்திருந்தது. கோர்த்துவைத்த கையின் மேலேயும் நாலைந்து சொட்டு விழுந்தது. ஆட்காட்டி விரலில் ஒரு சொட்டு உருண்டு, அந்தக் கறுப்பு வெடிப்புக்குள் இறங்கியதை நான் பார்த்தேன். துடைக்கவில்லை. பெட்டியை மூடினார்கள்.

அந்தக் கொழும்புத் தம்பியும் போன வருடம் காலமானார். உபதேசியாருக்கு வயதாகி ஞாபகம் போய்விட்டது. இப்போது எங்கள் பிள்ளைகள் சொல்கிற கதையில், பெருமை பிடித்த ஒரு பெண்ணின் கையைப் பெரிய வெள்ளியன்று மாதா கட்டிப்போட்டாள் என்று வருகிறது. வேறு சிலர், அவர் செத்த பிறகு கீபோர்ட் தானாக அழுதது என்றும் சேர்க்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். யாருக்காவது சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். மாதா யார் கையையும் கட்டவில்லை. கீபோர்ட் தானாக அழவில்லை. கேட்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கடைசியில் அற்புதம் மாதிரி ஒரு புதுமையையும் ஒட்டிவிடாதீர்கள். புதுமை நடக்கவில்லை, நான் அங்கேதான் இருந்தேன். தொட்டி காய்ந்திருந்தது. விரலும் காய்ந்திருந்தது. தண்ணீர் பக்கத்துப் பீலியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்கவில்லை.